எல்.கே.ஜி-யில் சேர்க்கும் முன் நூலகத்தில் சேருங்க!

போன வருஷம் எங்க அக்கா பையனுக்கு எல்.கே.ஜி அட்மிஷன். மூன்றரை வயது. வீட்டில் வாய் மூடாத ஆள். அந்தப் பள்ளியில் அதை 'இன்டர்வியூ' என்று சொல்ல மாட்டார்களாம், 'இன்டராக்‌ஷன்' என்பார்களாம். மிஸ் ஓர் ஆப்பிள் படத்தைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றார். பையன் அக்காவின் துப்பட்டாவுக்குள் போய்விட்டான். அடுத்து நிறம், அடுத்து ஒன் டூ த்ரீ. எதற்கும் பதில் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் ரெடி பண்ணிட்டு அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டோவில் அக்கா அழுதுகொண்டே வந்தாள். அவனோ, முன்னால் தண்ணீர் சொட்டச் சொட்டப் போன லாரியைப் பார்த்து, "அம்மா, லாரிக்கு மூக்கு ஒழுகுது" என்றான்.

எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. லாரிக்கு மூக்கு ஒழுகுவதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை, எந்தக் கணக்கில் 'ரெடி' இல்லை?

அன்று ராத்திரியே ஃபேமிலி குரூப்பில் ஆலோசனை மழை. ஃபிளாஷ் கார்டு வாங்கு, ஆப் டவுன்லோடு பண்ணு, ப்ளே ஸ்கூலில் போடு. ப்ளே ஸ்கூல் ஃபீஸைக் கேட்டதும் மாமா அமைதியாகிவிட்டார். நூலகத்துக்குக் கூட்டிப் போ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்கும் அப்போது தோன்றவில்லை. நமக்கு நூலகம் என்றால் என்ன? டி.என்.பி.எஸ்.சி குரூப் ஃபோருக்குப் படிக்கிற இடம், காலையில் பெரியவர்கள் பேப்பர் பார்க்கிற இடம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது.

'ரெடி' என்றால் என்ன?

அமெரிக்காவில் நூலகர்களின் அமைப்பு 2004-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பேர் 'எவ்ரி சைல்டு ரெடி டு ரீடு'. பள்ளிக்குப் போகும் முன் ஒரு குழந்தையிடம் என்னென்ன இருந்தால் பின்னாடி படிப்பது சுலபமாகும் என்று ஆய்வுகளை அலசி, 6 விஷயங்களைச் சொன்னார்கள். அதில் எழுத்து தெரிவது ஒன்றே ஒன்றுதான். மீதி ஐந்தும் நாம் 'படிப்பு' என்றே நினைக்காத சமாசாரங்கள்.

புத்தகம் என்றால் குழந்தைக்குக் குஷி வர வேண்டும், இது ஒன்று. புத்தகத்தை எந்தப் பக்கம் பிடிப்பது, எங்கிருந்து எங்கே படிப்பது, பக்கத்தில் இருக்கும் கோடுகள்தான் பேச்சாக மாறுகின்றன என்று புரிய வேண்டும். நிறைய வார்த்தைகள் காதில் விழுந்திருக்க வேண்டும். நடந்ததை முதல், நடு, கடைசி என்று கோத்துச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு சொல்லுக்குள் இருக்கிற சின்னச் சின்ன ஒலிகளைக் காது பிரித்துக் கேட்க வேண்டும். லாரியின் மூக்கைக் கண்டுபிடித்தவன் இதில் பாதியை ஏற்கெனவே முடித்துவிட்டான். அதைப் பார்க்கத்தான் அந்த ஆப்பிள் படத்தில் வழியில்லை.

அந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்போம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என மொத்தம் 247. அத்தனையையும் சிலேட்டில் எழுதவைத்துவிட்டால் வாசிப்பு வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் கண்ணுக்கு முன்னாடி காது தயாராக வேண்டும். 'பட்டம், சட்டம், கட்டம்' மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன என்று குழந்தைக்குத் தோன்ற வேண்டும். 'தக்காளி'யை 'தக்-கா-ளி' என்று கைதட்டிப் பிரிக்கத் தெரிய வேண்டும். அப்புறம் 'கா' என்ற எழுத்தைக் காட்டினால், "ஓ, தக்காளிக்கு நடுவில் வருமே அதுவா?" என்று டக்கெனப் பிடித்துக்கொள்ளும். பாட்டிகள் சொன்ன விடுகதைகளும், சோறு ஊட்டும்போது பாடிய நிலாப் பாட்டும் இந்த வேலையைத்தான் செய்தன. யாரும் அதற்கு ஃபீஸ் வாங்கவில்லை.

2011-ல் அதே திட்டத்தை நூலகர்கள் மாற்றி எழுதினார்கள். 6 திறமைகளைப் பெற்றோருக்கு விளக்குவதைவிட, வீட்டில் செய்ய 5 வேலைகள் சொல்வது நல்லது என்று பட்டிருக்கிறது. பேசுங்க, பாடுங்க, படிச்சுக் காட்டுங்க, கிறுக்க விடுங்க, விளையாடுங்க. அவ்வளவுதான். அங்கே நூலகங்களில் நடக்கும் 'ஸ்டோரி டைம்' முழுக்க இந்த ஐந்தைச் சுற்றித்தான். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கதை நேரத்தின் நிஜ மாணவர் குழந்தை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பா. வாரத்தில் அரை மணி நேரம் நூலகர் செய்வதைப் பார்த்து, மீதி நாளெல்லாம் அவர்கள் வீட்டில் செய்ய வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இன்னொரு விஷயமும் அங்கே சொல்லித் தருகிறார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் பேசுங்கள் என்கிறார்கள். எல்.கே.ஜி இங்கிலீஷ் மீடியம் என்பதற்காக, தட்டுத்தடுமாறி இரண்டு வார்த்தை இங்கிலீஷில் முடித்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடம் எத்தனை! 'கம் பேபி, ஈட் பேபி' என்பதில் இருப்பது இரண்டு வினைச்சொல்தான். 'வா கண்ணு, ரசம் சூடா இருக்கு, ஊதி ஊதிச் சாப்பிடலாம்' என்பதில் சூடு இருக்கிறது, காரணம் இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்பதும் இருக்கிறது. முதல் மொழியில் கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, இன்னொரு மொழியில் கதை கேட்பது என்ன என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பர்மிங்காமில் 300 குடும்பங்கள்

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா என்று கேட்கலாம். 1992-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 'புக்ஸ்டார்ட்' என்ற திட்டத்தைச் சின்ன அளவில் தொடங்கினார்கள். 300 குடும்பங்கள். கைக்குழந்தையை ஹெல்த் செக்கப்புக்குக் கொண்டுவரும் பெற்றோருக்கு ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு படப் புத்தகம், கூடவே நூலகத்தில் சேர அழைப்பு. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு நூலக அட்டையா என்று அப்போது பலர் சிரித்திருப்பார்கள். அந்தக் குழந்தைகளில் சிலர் பள்ளியில் சேர்ந்தபோது ஆய்வாளர்கள் அவர்களை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொழியில் முன்னே இருந்தார்கள். கணக்கிலும் முன்னே இருந்தார்கள் என்பதுதான் ஆச்சர்யம். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்தத் திட்டம் பிறகு நாடு முழுக்கப் போனது.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் போய்ப் படித்துக் காட்டும் 'கிட்ஸ்ரீடு' திட்டம் 2004-ல் தொடங்கியது. நூலகத்துக்கு வர முடியாத பிள்ளையைத் தேடி நூலகமே போவது! நம்ம ஊருக்கு இதில்தான் பாடம் அதிகம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்க ஏற்கெனவே காசு கட்டியாச்சு

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது நாம்தான், 1948-ல். நூலக அறிவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காகப் பல வருஷம் போராடினார். இன்றும் நம் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. வாடகை வீடுதானே என்று நினைக்காதீங்க. ஹவுஸ் ஓனர் அதை வாடகையில் சேர்க்காமலா இருப்பார்? அந்தக் காசில் நடக்கும் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் சேர்ந்து மாநிலத்தில் 4,000-க்கு மேல் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும், வாங்க, தேடலாம்.

சென்னையில் இருந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறந்தது. முதல் மாடியில் குழந்தைகள் ராஜ்ஜியம், நடுவில் செயற்கை மரம், அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கலாம். (இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011-ல் அரசு அறிவித்ததும், உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டதும் தனிக் கதை.) மதுரைக்காரர்களுக்குப் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் வந்தது. அங்கேயும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

ஆனால் என் பேச்சு இந்த இரண்டைப் பற்றியது இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய் செல்ஃபி எடுத்துவிட்டு வருகிற இடத்தால் குழந்தை தயாராகாது. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கிளை நூலகம்தான் வேலைக்கு ஆகும். வாரா வாரம் போகலாம், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வரலாம். உறுப்பினர் கட்டணமும் நீங்கள் ஒரு தடவை பீட்சா ஆர்டர் பண்ணுகிற காசைத் தாண்டாது. பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் முதல்முறை போகும்போது நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் போன கதை

ஒரு சனிக்கிழமை காலை அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே 'அமைதி காக்கவும்' போர்டு. உள்ளே பேப்பர் மேசையில் நான்கு பெரியவர்கள், மூலையில் கைடு புத்தகத்தோடு இரண்டு அக்காக்கள். பையன் உள்ளே நுழைந்ததும் "மாமா, இவ்ளோ புக்கும் யாரோடது?" என்று கத்தினான். ஒரு பெரியவர் கண்ணாடிக்கு மேலே முறைத்தார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

நூலகர் அம்மாவிடம் போய், "சின்னக் குழந்தைக்குப் படப் புத்தகம் இருக்குமா மேடம்?" என்றேன். அவர் சாவி எடுத்துக்கொண்டு ஒரு பீரோவைத் திறந்தார். உள்ளே பளபளவென்று புத்தகங்கள். பக்கம் பிரிக்காத வாசனை. "கிழிச்சிடுவாங்கன்னு பூட்டி வெச்சிருக்கோம் தம்பி. கேட்டு வர்றவங்களும் இல்ல" என்றார். எனக்கு அந்தப் பூட்டின் மேல் கோபம்தான் வந்தது. ஆனால் புத்தகம் கிழிந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? அதனால் இதை நினைவில் வையுங்கள்: கேளுங்கள். கேட்டால்தான் பீரோ திறக்கும். நாலு பேர் கேட்டால் பூட்டு போகும்.

படிக்கட்டில் உட்கார்ந்து படித்தோம். படித்தோம் என்று சொல்வதுகூடத் தப்பு. இரண்டு பக்கம் தாண்டவில்லை. முதல் பக்கத்தில் ஒரு யானை பஸ் ஸ்டாப்பில் நின்றது. நான் எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன், அவன் காதிலேயே வாங்கவில்லை. சரி என்று எழுத்தை விட்டுவிட்டு, "யானை எங்கே போகுது?" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு." ஏன்? "தும்பிக்கையில சளி." அப்புறம் 10 நிமிஷம் அவன்தான் பேசினான்.

இப்படிப் படிப்பதற்கு ஒரு பேரே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துப் பார்த்த முறை இது. பெரியவர் படிக்க, குழந்தை கேட்க என்பதைத் திருப்பிப் போட்டார்கள். குழந்தை கதை சொல்லும், பெரியவர் கேட்பார். 'இது என்ன?' என்று நிறுத்தாமல், 'இங்கே என்ன நடக்குது?' என்று கேட்க வேண்டும். குழந்தை 'யானை' என்றால், 'ஆமா, பெரிய சாம்பல் கலர் யானை' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பித் தர வேண்டும். 'நாம அன்னிக்குக் கோயில்ல பார்த்தோமே' என்று அதன் வாழ்க்கையோடு முடிச்சுப்போட வேண்டும். இப்படிப் படித்த வீட்டுக் குழந்தைகளின் பேச்சு, சாதாரணமாகப் படித்துக்காட்டிய வீட்டுக் குழந்தைகளைவிட ஒரே மாதத்தில் முன்னேறியிருந்தது.

ஒரே புத்தகத்தை 20 தடவை கேட்பார்கள், கடுப்பாகாதீங்க. ஒவ்வொரு தடவையும் அதில் ஏதோ ஒன்று கெட்டிப்படுகிறது. அமெரிக்க நூலகங்களில் 'கிண்டர்கார்டனுக்கு முன் 1,000 புத்தகம்' என்று ஒரு சவால் உண்டு. ஆயிரமா என்று மலைக்க வேண்டாம். ராத்திரி ஒரு கதை என்றால் 3 வருஷத்தில் 1,095 ஆகிவிடும். ஒரே புத்தகத்தைத் திரும்பப் படித்தாலும் கணக்கில் சேரும்.

என்ன புத்தகம் கேட்பது? எழுத்து குறைவாக, படம் பெரிதாக இருப்பதைக் கேளுங்கள். தூலிகா, தாரா, பிரதம் புக்ஸ் போன்ற பதிப்பகங்களின் படப் புத்தகங்கள் இருந்தால் அதிர்ஷ்டம். பாட்டுக்கு அழ.வள்ளியப்பா இருக்கவே இருக்கிறார், அவருடைய 'மலரும் உள்ளம்' பழைய நூலகங்களில் கிடைக்கலாம். வார்த்தையே இல்லாத படப் புத்தகங்களும் உண்டு. அவற்றைத் தள்ளிவிடாதீர்கள், வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் அதுதான் முதல் சாய்ஸ்.

போன்லயே கதை இருக்கே?

இருக்கிறது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், 2015-லிருந்து இருக்கிறது. நூலகம் தூரம் என்றால் நல்ல மாற்று. ஆனால் 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஒரு வயதுக்குக் கீழே என்றால் திரையே வேண்டாம். போன் கதை சொல்லும், ஆனால் குழந்தை 'யானைக்குச் சளி' என்றால் அதற்குக் காதில் விழாது. அதனால் போனில் படித்தாலும் மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் படியுங்கள். யூடியூபை ஆன் பண்ணிக் கையில் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போவது வேறு விஷயம். நானும் செய்திருக்கிறேன், அதனால் திட்ட மாட்டேன்.

எல்.கே.ஜி டீச்சர்களைக் கேட்டால் அவர்கள் பிரச்னை ஏ பி சி டி-யே இல்லை என்பார்கள். அம்மாவை விட்டு இருப்பது, பாத்ரூம் வருகிறது என்று சொல்வது, பென்சிலை வாங்கித் திருப்பித் தருவது, 10 நிமிஷம் வட்டமாக உட்காருவது. இதில் பாதி, நூலகம் போய் வந்தாலே பழகும். தெரியாத முகங்கள், நம்முடையது இல்லாத பொருள், பத்திரமாகப் பார்த்துக்கொண்டு சொன்ன தேதியில் திருப்பித் தரும் கடமை. எங்கள் வீட்டு ஆள் முதல்முறை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுதான். மூன்றாவது வாரம், "குடுத்தாத்தான் வேற தருவாங்க" என்று அவனே நூலகர் மேசையில் வைத்தான்.

பீரோ யாருக்குத் திறக்கும்?

நான் போய்க் கேட்டேன், திறந்தது. கேட்கத் தெரியாத வீடுகளுக்கு? அப்பா கொத்து வேலைக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் போகிற பிள்ளை நூலகத்துக்கு யாரோடு வரும்? அதன் அம்மாவுக்கு அந்தக் கட்டடம் தனக்கும் உரியது என்றே தெரியாமல் இருக்கலாம். அரசுப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019-ல் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளும் பக்கத்துக் கிளை நூலகத்தின் படப் புத்தகங்களும் ஒரே தெருவில் இருந்தும் சந்திக்காமல் இருக்கும் ஊர்கள் நிறைய.

இங்கேதான் உங்க வேலை வருகிறது, கல்யாணமாகாத சித்தப்பா, சித்தி, மாமாக்களே! நீங்கள் குரூப் ஃபோருக்குப் படிக்கப் போகும் அதே நூலகத்தில் 'வாசகர் வட்டம்' என்று ஒன்று இருக்கும். அதில் போய், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கதை நேரம் வைக்கலாமா என்று கேளுங்கள். ஒரு பாய், 5 புத்தகம், சத்தம் போட அனுமதி, இவ்வளவுதான் தேவை. அங்கன்வாடி டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். காசு கொடுக்க முடிந்தவர்கள் 1,000 ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகலாம். ஆனால் பாயில் உட்கார்ந்து யானைக்குச் சளி பிடித்ததைக் கேட்க ஓர் ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

எங்கள் கிளையில் இப்போது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு நடக்கிறது. முதல் வாரம் மூன்று பிள்ளைகள், அதில் ஒன்று எங்களுடையது. அப்புறம் எட்டு, ஒருமுறை பதினான்கு. மழை பெய்த வாரம் யாருமே இல்லை. முறைத்த பெரியவர் இன்னும் முறைக்கிறார், ஆனால் கதை நேரத்தில் பேப்பரைத் தூக்கிக்கொண்டு பாய்க்குப் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார். பீரோவின் பூட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

பையன் இந்த ஜூனில் வேறொரு பள்ளியில் எல்.கே.ஜி சேர்ந்தான். முதல் நாள் அழுதான், எல்லாப் பிள்ளைகளையும் போல. ஆப்பிள் படத்தை அங்கே யாரும் காட்டவில்லை. போன வெள்ளிக்கிழமை நூலகத்துக்குப் போகலாம் என்று அடம்பிடித்தான். இன்னிக்கு லைப்ரரி லீவுடா என்றேன்.

"ஏன் மாமா, லைப்ரரிக்கும் சளியா?"